இரண்டு அத்தான்களும் ஒரு ஃபோல்டரும்

எனக்கு இரண்டு அத்தான்கள். ஒருவரே அதிகம். பெரியக்காவின் கணவர் மேக் கணினி வைத்திருப்பவர், அவரை நான் ஆப்பிள் அத்தான் என்பேன். சின்னக்காவின் கணவர் விண்டோஸ்காரர், அவர் ஜன்னல் அத்தான். இந்தப் பெயர்களை மனசுக்குள்தான் சொல்லிக்கொள்கிறேன். வாய்விட்டுச் சொன்னாலும் அவர்களுக்குக் கேட்காது. ஏன் கேட்காது என்பதைச் சொல்கிறேன்.

சகலைகள் இருவரும் சேர்ந்து ஓர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறார்கள். மாடியில் குடித்தனம், கீழே தொழில். முன்னறையில் ஆப்பிள் அத்தான் குரல்களைப் பதிவு செய்வார். பின்னறையில் ஜன்னல் அத்தான் வாடிக்கையாளர்களிடம் போனில் குழைவார், முடிந்த வேலையை அனுப்பிவைப்பார். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு நடைவழி. அதில் செருப்பு அலமாரிக்கும் மின்சார மீட்டருக்கும் இடையில் ஒரு மேசை கிடக்கிறது. அது என் இடம். நாற்பது தாண்டியும் இந்த வீட்டில் எனக்குப் பெயர் பாப்பா. பாப்பாவுக்குத் தனி அறை எதற்கு?

ஆனால் இந்த வீடு சாப்பிடுகிற சோறு என் தொண்டையிலிருந்து வந்தது. எங்கள் ஊரில் எந்தப் பெரிய கட்டடத்தில் லிஃப்டில் ஏறினாலும் உள்ளே பேசுவது நான். கதவு திறக்கிறது. மூன்றாவது தளம். தயவுசெய்து கதவை விட்டுத் தள்ளி நிற்கவும். கதவு மூடுகிறது. வங்கியின் பெரிய அதிகாரி ஆனாலும் சரி, அவர் அறையைப் பெருக்குகிறவர் ஆனாலும் சரி, நான் தள்ளி நில் என்றால் ஓர் அடி பின்னால் போய்த்தான் நிற்பார்கள். யார் சொன்னது என்று தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கால் தானாக நகரும்.

பிறகு தொண்டையில் ஒரு கட்டி வந்தது. எடுத்தார்கள். கட்டி போகும்போது துணைக்குக் குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது நான் பேசினால் கிழிந்த துருத்தியில் காற்றடிக்கிற சத்தம்தான் வரும். பக்கத்தில் வந்து காது கொடுத்தால் வார்த்தை புரியும். என் அத்தான்கள் பக்கத்தில் வந்து காது கொடுக்கிற ரகம் இல்லை.

நல்லவேளையாகக் கட்டி வருவதற்கு முன்பே என் குரலைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து வைத்திருந்தோம். எண்கள், தளங்கள், திசைகள், தயவுசெய்து, மன்னிக்கவும், காத்திருக்கவும், ஏறவும், இறங்கவும் என்று ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள். அவை கிடக்கிற ஃபோல்டருக்கு மூட்டை என்று பெயர். யாருக்காவது புதிதாக ஓர் அறிவிப்பு வேண்டுமென்றால் நான் மூட்டையைப் பிரித்து, வேண்டிய துண்டுகளை எடுத்து, நடுவில் மூச்சு விடுகிற இடத்தைச் சரிபார்த்து ஒட்டித் தருவேன். என் பழைய குரலுக்கு நானே தையல்காரி. மூட்டை இருக்கிறவரை நான் பேசுகிறவள். அது போய்விட்டால் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு சாமான், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும், அக்காக்களுக்குத் தெரியும். அத்தான்களுக்கு யோசிக்க நேரமில்லை, சண்டை போட வேண்டியிருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒரு நாள் பதிவு சரியாக வரவில்லை. அதற்குக் காரணம் பின்னறைக் கணினியின் விசிறி இரைச்சல் என்று ஆப்பிள் அத்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு விட்டாரா? மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய் அந்த இரைச்சலைத் தனியாகப் பதிவு செய்து, ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்போது பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்.

“கேட்டீங்களா? இதுதான் அவரு கம்ப்யூட்டரு. மாவு மில்லுக்குள்ள போன மாதிரி இல்ல?”

வாடிக்கையாளர் சிரித்தார். ஜன்னல் அத்தான் எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்தினார். இவர் சாத்தினால் அவர் சும்மா இருப்பாரா? அவரும் சாத்தினார். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு ஆண்பிள்ளைகள், இருவருக்கும் தலை நரைத்தாயிற்று, ஒரு விசிறிக்காக வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்.

பேச்சு நின்றாலும் தொழில் நிற்குமா? ஃபைல்கள் இங்கேயும் அங்கேயும் போய்வர வேண்டும். இரண்டு கணினிக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் போட்டால் தீர்ந்தது. அதிலும் வந்தது வம்பு.

“அவரு பெட்டிக்குள்ள போறதுக்கு நான் பாஸ்வேர்டு கேட்டுக் கையேந்தி நிக்கணுமா?” என்றார் ஜன்னல் அத்தான்.

“அவரு விண்டோஸ்ல இருக்கிற வைரஸையெல்லாம் என் மேக்குல கொண்டாந்து கொட்டவா?” என்றார் ஆப்பிள் அத்தான்.

இரண்டையும் என்னிடம்தான் சொன்னார்கள், ஏதோ நான் வீட்டுக்கு வந்த தூதுவர் மாதிரி. கடைசியில், குப்பையில் போட வைத்திருந்த ஒரு பழைய கணினியை எடுத்துத் துடைத்து, மேக்கும் இல்லாத விண்டோஸும் இல்லாத லினக்ஸைப் போட்டு, என் மேசைக்கடியில் வைத்தேன். இணையத்தைத் துழாவித் துழாவி, தலையைப் பிய்த்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். பொது ஃபோல்டர் அந்தப் பெட்டியில் இருக்கும். மேக்கிலிருந்து பார்த்தால் மேக்கின் ஃபோல்டர் போலத் தெரியும், விண்டோஸிலிருந்து பார்த்தால் விண்டோஸின் ஃபோல்டர் போலத் தெரியும். அவரவரிடம் அவரவர் பாஷையில் பேசி இருவரையும் சமாளிக்கிற இந்த வேலையை அக்காக்களின் கல்யாணத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது ஒரு பெட்டி துணைக்கு வந்தது.

அதற்கும் ஆளுக்கொரு நிபந்தனை. “அவருக்கு என்ன உரிமையோ அது எனக்கும் வேணும், பாப்பா.” இருவரும் தனித்தனியாக வந்து வார்த்தை பிசகாமல் இதையே சொன்னார்கள். பார்க்கலாம், எழுதலாம், அழிக்கலாம் என்று இருவருக்கும் முழு உரிமை கொடுக்க வேண்டியதாயிற்று. குரங்கு கையில் பூமாலை, அதுவும் இரண்டு குரங்கு, ஒரே மாலை. பாதுகாப்புக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் தினமும் ஒரு நகல் எடுக்க ஏற்பாடு செய்தேன். பழைய நகல்களையும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஆப்பிள் அத்தான் கையை உதறினார். “பழசையெல்லாம் எதுக்குச் சேத்து வெக்கிற? இங்க என்ன இருக்கோ அது அங்க இருந்தா போதும்.” மூட்டையை எல்லாக் கணினியிலும் திறக்கிற சாதாரண வடிவத்துக்கு மாற்றிவிடலாமா என்று ஒருமுறை எழுதிக் காட்டினேன். அதற்கும் அவர்தான். “ஒரிஜினல் ஒரிஜினலாவே இருக்கணும். உனக்கு அதெல்லாம் புரியாது.”

பொது ஃபோல்டர் வந்த பிறகு அவர்கள் பேசிக்கொள்வதும் அதில்தான். ஜன்னல் அத்தான் ‘கவனத்திற்கு’ என்று ஒரு ஃபைல் வைப்பார். திறந்தால் ‘நேற்றைய பதிவை மரியாதையாக வைக்கவும்’ என்றிருக்கும். மறுநாள் பக்கத்தில் ‘பதில்’ என்று ஒன்று இருக்கும். ‘பதிவு வைக்கப்பட்டது. மரியாதை இந்த மெஷினில் ஓடாது.’ இதை எழுதிவிட்டு ஆப்பிள் அத்தான் தனியாக உட்கார்ந்து சிரித்தது நடைவழிவரை கேட்டது.

இப்போது குட்டி ஃபைல் சமாச்சாரத்துக்கு வருகிறேன். மேக் கணினிக்கு ஒரு வழக்கம் உண்டு. வேற்றுக் கணினியில் ஒரு ஃபைலை வைத்தால், கூடவே அதே பெயரில், முன்னால் ஒரு புள்ளியும் ஒரு கோடும் போட்டு ஒரு குட்டி ஃபைலையும் வைத்துவிட்டு வரும். பெரியதைப் பற்றிய குறிப்புகள் குட்டியில் இருக்கும். மேக்கில் பார்த்தால் குட்டி கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸிலும் சாதாரணமாகத் தெரியாது. ஆனால் ஜன்னல் அத்தான் சந்தேகப் பிராணி, ‘மறைந்திருப்பவற்றையும் காட்டு’ என்ற கட்டத்தில் டிக் போட்டு வைத்திருப்பவர். அவருக்கு ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி தெரிந்தது. திறந்து பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சகலை வேண்டுமென்றே தன் பக்கம் குப்பை கொட்டுகிறார் என்று முடிவு கட்டினார்.

அவர் சுத்தக்காரர். விசைப்பலகையை ஒரு துணியால் துடைத்து, அந்தத் துணியை இன்னொரு துணியால் துடைப்பார். வெள்ளிக்கிழமையானால் பொது ஃபோல்டரையும் துடைப்பார். வாடிக்கையாளருக்கு அனுப்பி முடித்த அறிவிப்புகளை அன்றே அழித்துவிடுவார். “அனுப்பியாச்சுன்னா அது கஸ்டமர் சாமான். நம்ம வீட்டுல எதுக்கு அடைச்சுக்கிட்டு?” என்பார். அந்த வாரம் அவருடைய பார்வை குட்டிகள் மேல் திரும்பியிருப்பது எனக்குத் தெரிந்தது. அவற்றில் பெரும்பாலும் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். மூட்டை மட்டும் அப்படியில்லை. அது பழைய மேக்கில் பழைய வடிவத்தில் பதிவானது. பெரிய ஃபைலில் வெறும் சத்தம் இருக்கும், அதை என்ன வேகத்தில் எப்படி வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு குட்டியில் மட்டும்தான் இருக்கும். குட்டி போனால் எந்த நிரலும் பெரியதைத் தானாகத் திறக்காது.

பின்னறைக்குப் போய் அவர் தோளருகே நின்றேன். “அத்தான், அந்தப் புள்ளி வெச்ச ஃபைலையெல்லாம் தொடாதீங்க. மூட்டைக்கு அது வேணும்.”

அவர் விசைகளின் இடுக்கில் துணி நுனியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். “சரி சரி, அப்புறம் பாக்கலாம்,” என்றார். நான் என்ன சொன்னேன் என்று கேட்கவே இல்லை. துருத்தி இரைந்தால் தலையாட்டிவிட்டால் போதும் என்பது அவர் பழக்கம்.

வெள்ளிக்கிழமை அவர் தேடல் கட்டத்தில் புள்ளியையும் கோட்டையும் அடித்தார், வந்ததையெல்லாம் தேர்ந்தெடுத்தார், அழித்தார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்காவது பூச்சி இருந்தது. சொந்தக் கணினியில் அழித்தால் குப்பைத்தொட்டியில் கிடக்கும், பொறுக்கி எடுத்துவிடலாம். வேறு பெட்டியில் இருக்கிற ஃபோல்டரில் அழித்தால் தொட்டி கிடையாது, போனது போனதுதான். ஆப்பிள் அத்தானின் உத்தரவுப்படி, இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக் கூடாது என்று என் நகல் நிரலும் தன் கடமையைச் செய்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் ஒரு மருத்துவமனையிலிருந்து வேலை வந்தது. கட்டடத்தில் ஒரு மாடி ஏற்றியிருக்கிறார்கள், ‘எட்டாவது தளம்’ வேண்டும், திங்கட்கிழமைக்குள். இரண்டு துண்டு, ஒரு மூச்சு. மூட்டையைத் திறந்து ‘எட்டாவது’ மேல் அமுக்கினேன். இந்த ஃபைலைப் படிக்க முடியவில்லை என்றது. ‘தளம்’ மேல் அமுக்கினேன். அதற்கும் அதே பதில். ‘தயவுசெய்து’, ‘மன்னிக்கவும்’, எதைத் தொட்டாலும் அதே பதில். ஓடிப்போய் ஆப்பிள் அத்தானின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் பார்த்தார், ஃபோல்டரை இரண்டு முறை மேலும் கீழும் நகர்த்தினார், எழுந்து போய், வருடக்கணக்காகத் தான் தொடாத பின்னறைக் கதவைத் திறந்தார்.

“என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“குப்பைய அள்ளினேன். நீங்க போட்ட குப்பைதான்.”

“அது குப்பையா? அதுலதான் எல்லாமே இருக்கு!”

“அதை ஃபைலுக்குள்ளயே வெக்கத் தெரியாதா உங்க மேக்குக்கு? புள்ளைய ஒரு எடத்துல விட்டுட்டு, அது பேரை வேற எடத்துல வெக்கிறதா?”

“மறைச்சு வெச்சிருக்கிறதை நோண்டிப் பாக்குறவங்ககிட்ட எதைத்தான் வெக்கிறது?”

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். “பாப்பா, பேக்கப் எங்க?” நான் சொன்னேன். யார் பேச்சைக் கேட்டு என்ன ஏற்பாடு செய்தேன் என்று முதலிலிருந்து சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் மறுபடி ஒருவரை ஒருவர் திட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

மத்தியானம் சத்தம் அடங்கியது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சின்னக்கா டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தாள். “பாப்பா, ரெண்டு பேரும் பேசிக்கிறாங்கடி! பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உக்காந்து!”

எட்டிப் பார்த்தேன். ஜன்னல் அத்தானின் திரையை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் ஒரு குரல் ‘எட்டாவது தளம்’ என்றது. கணினியே செய்த குரல். பொம்பளை மாதிரி இருந்தது, ஆனால் பல் துலக்கி, தலை வாரி, ஒருநாளும் யாரிடமும் திட்டு வாங்காத பொம்பளை.

“அந்த ‘ட்டா’ கொஞ்சம் அழுத்துதோ, தம்பி?”

“லிஃப்டுல யாரு அண்ணே அதெல்லாம் கவனிக்கிறாங்க? டைப் பண்ணா பேசப்போவுது. வெட்டி ஒட்டுற வேலையே கிடையாது.”

“அதுவும் சரிதான். பாப்பாவுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்.”

“பாவம், அதுவும் எவ்வளவு நாள்தான் அந்தச் செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல உக்காந்துக்கிட்டு இருக்கும்.”

தம்பியாம், அண்ணனாம். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். குத்துவதற்கு மூன்றாவது ஆளின் முதுகு கிடைத்தால் தாராளமாக இருக்கும் போலிருக்கிறது. என் குரலைக் கொன்றவர் ஒருவர், கொல்லத் துணை போனவர் ஒருவர், இருவரும் டீ குடித்துக்கொண்டே எனக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். ரெஸ்ட்! மேலே போய்ப் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார் என்பதற்கு எவ்வளவு மரியாதையான வார்த்தை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் சத்தம் வராது என்பதால் இன்னும் ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என் மேசையில் உட்கார்ந்தேன். குறிப்புதானே போனது, சத்தம் போகவில்லையே? பெயரும் ஊரும் கேட்காமல் வெறும் ஃபைலை எடுத்து ஒலியாக வாசிக்கச் சொல்ல என் நிரலில் ஒரு வழி உண்டு. ஆனால் என்ன வேகம், எந்த வரிசை என்று குட்டி சொல்லிக்கொண்டிருந்த பதில்களையெல்லாம் நாமே ஊகித்துச் சொல்ல வேண்டும். முதல் பதிலுக்கு, சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போல ஒரு பொரிச்சல். அடுத்த பதிலுக்கு இன்னும் பெரிய பொரிச்சல். ஒன்றை மாற்றி, இன்னொன்றைத் தலைகீழாக்கிப் போட்டபோது பொரிச்சல் நின்று ஒரு சுண்டெலி ‘எட்டாவது’ என்றது. வேகத்தைப் பாதியாக்கினேன். அங்கே நான் இருந்தேன்.

ஆனால் வேகத்தில் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஒரு நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் ஒலித் துணுக்குகள் என்றும் வாசிக்கலாம், நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் என்றும் வாசிக்கலாம். இரண்டும் மனுஷக் குரலாகத்தான் கேட்டது. நாற்பத்தெட்டில் நான் கொஞ்சம் இளமையாக, கொஞ்சம் அவசரமாக இருந்தேன். இன்னொன்றில் ஒரு சுற்று கனமாக, நிதானமாக இருந்தேன். தவறானதை ஒட்டி அனுப்பினால் ஏழாவது தளம்வரை ஒருத்தி பேசுவாள், எட்டாவது தளத்தில் அவளுடைய தங்கை பேசுவாள். மருத்துவமனைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் முன்பு அனுப்பிய அறிவிப்பு ஒன்றுகூட வீட்டில் இல்லை. சுத்தக்காரர் இருக்கிற வீட்டில் எப்படி இருக்கும்?

அத்தான்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். மூட்டை பிழைத்தது என்று சந்தோஷப்படுவார்கள் என நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும், பக்கத்திலேயே அலமாரி இருக்கிறது.

“நாப்பத்தெட்டு. நான் எப்பவும் ப்ரொஃபஷனலாத்தான் ரெக்கார்டு பண்ணுவேன்,” என்றார் ஆப்பிள் அத்தான்.

“நாப்பத்தி நாலு. அப்ப இவருகிட்ட இருந்த டப்பாவுல அதுக்கு மேல வராது,” என்றார் ஜன்னல் அத்தான்.

“எது டப்பா?”

அண்ணன் தம்பி உறவு ஒரு நாளைக்கு வந்தது. இரண்டு கதவுகளும் மறுபடி சாத்திக்கொண்டன. இருவரில் ஒருவராவது காதால் கேட்டுச் சொன்னாரா என்றால் இல்லை. ஆப்பிள் அத்தான் தன் பெருமையைச் சொன்னார், ஜன்னல் அத்தான் அவருடைய சிறுமையைச் சொன்னார். இரண்டு ஒலியையும் என் போனில் ஏற்றிக்கொண்டு, காதில் மாட்டுகிற ஒயரை எடுத்துக்கொண்டு, நான் மருத்துவமனைக்கு பஸ் ஏறினேன். என் குரல் கெடாமல் உயிரோடு இருக்கிற இடம் அந்த லிஃப்டுதான்.

பார்வை நேரம். லிஃப்டுக்குள் நெருக்கடி. ஒரு காதில் போன், இன்னொரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு மூலையில் நின்றேன். ‘கதவு மூடுகிறது’ என்று மேலேயிருந்து நான் சொன்னேன். எல்லோரும் ஓர் அடி உள்ளே நகர்ந்தார்கள். ‘முதல் தளம்’ என்றேன். ‘இரண்டாவது தளம்’ என்றேன். ஃப்ளாஸ்க்கோடு நின்ற ஒரு பெண்மணி சலித்துக்கொண்டார்.

“இந்தப் பொம்பள வாய மூடவே மாட்டா போலிருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய் மட்டும்தான் சிரித்தது, சத்தம் வரவில்லை. அவர் சொன்னதுபோல அவள் வாயை மூடாமல் இருந்தால் போதும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மறுபடி கீழே போனேன், மறுபடி மேலே வந்தேன். போனில் ஒரு ‘மூன்றாவது தளம்’, மேலே ஒரு ‘மூன்றாவது தளம்’. எனக்கு இளமையான குரல்தான் வேண்டியிருந்தது. அதுதான் நான் என்று உள்ளுக்குள் முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். லிஃப்டு சொன்னது கனமான குரல். ஏறி இறங்கி எத்தனை தடவை கேட்டாலும் அதுதான். ‘மூன்றாவது’ என்பதன் கடைசியில் ஒரு சின்னக் கரகரப்புகூட இருந்தது. அந்தக் காலத்தில் அது எனக்குக் கேட்டதே இல்லை.

மருத்துவமனை ஊழியர் ஒருவர் ஏறினார். நான் இறங்காமல் நிற்பதைக் கவனித்திருப்பார். “எந்த மாடிம்மா போகணும்?” என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

‘ஆறாவது தளம்’ என்று மேலேயிருந்து நானே சொன்னேன். கதவு திறந்தது. அவர் வழிவிட்டார், நான் இறங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக, கேட்டுவந்த வேகத்தை வைத்து மூட்டை முழுவதையும் சாதாரண வடிவத்துக்கு மாற்றினேன். குறிப்பும் சத்தமும் ஒரே ஃபைலுக்குள், எந்தக் கணினியும் திறக்கும், குட்டி எதுவும் வேண்டாம். ‘எட்டாவது தளம்’ ஒட்டி மருத்துவமனைக்கு நானே அனுப்பினேன். பிறகு பொது ஃபோல்டரின் அமைப்பைத் திறந்து ஒரே ஒரு வரியை மாற்றினேன். இனி மூட்டையை அத்தான்கள் பார்க்கலாம், கேட்கலாம். எழுத முடியாது, அழிக்க முடியாது. இருவருக்கும் சம உரிமை, அவர்கள் கேட்டபடியே.

திங்கட்கிழமை காலையில் அதற்கு வேலை வந்தது. பின்னறையில் ஜன்னல் அத்தான், கணினிக் குரல் வந்தாயிற்றே, இந்தப் பழைய ஃபைல்கள் எதற்கு என்று மூட்டையை மொத்தமாக அழிக்கப் பார்த்திருக்கிறார். முன்னறையில் ஆப்பிள் அத்தான், தன் வாக்கு பொய்யாகக் கூடாது என்று மூட்டை முழுவதையும் நாற்பத்தெட்டாயிரத்தில் மாற்றி, என்னுடையதன் மேலேயே எழுதப் பார்த்திருக்கிறார். ஒருவர் கொல்ல வந்தார், ஒருவர் ஆள்மாறாட்டம் செய்ய வந்தார். இருவர் திரையிலும் ஒரே பதில் வந்தது: உங்களுக்கு அனுமதி இல்லை.

இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து என் மேசையில் கையூன்றி நின்றார்கள்.

“யாரைக் கேட்டுப் பூட்டின?”

“பாப்பா, நான் ஓனரு. என் ஃபோல்டர்ல எனக்கே அனுமதி இல்லியா?”

“யாரு ஓனரு? மைக்கு என்னுது, ரெக்கார்டு பண்ணது நானு.”

“பண்ணீங்களே, மாவு மில்லு சத்தத்தை!”

“அத்தான், அது என் குரல்,” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். தொண்டை எரிந்தது. என் தலைக்கு மேலே ஒருவர் மூக்குக்கு நேராக ஒருவர் விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள், நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டு.

பதிவறையிலிருந்து வெளியே பேசுவதற்காக நடைவழிக் கூரையில் ஒரு பெரிய ஸ்பீக்கர் இருக்கிறது. என் கணினியிலிருந்து அதற்கு ஒயர் உண்டு. சத்தத்தை முழுக்கத் திருப்பினேன். மூட்டையைத் திறந்தேன். எனக்கு வேண்டியதை ஒட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, முழுசாகவே இருந்தது. அமுக்கினேன்.

“தயவுசெய்து கதவை விட்டுத் தள்ளி நிற்கவும். கதவு மூடுகிறது.”

மாடியில் அக்காக்கள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது. இந்த வீட்டில் அவர்கள் என் குரலைக் கேட்டு மூன்று வருடமாகிறது. அத்தான்கள் இருவரும் நீட்டிய விரலை மடக்கி, கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, ஆளுக்கோர் அடி பின்னால் நகர்ந்தார்கள். யார் சொன்னது என்று தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஆப்பிள் அத்தானின் முதுகு செருப்பு அலமாரியில் இடித்தது. ஜன்னல் அத்தான் தன் அறை வாசற்படியில் நின்றிருந்தார்.

கதவைச் சாத்துவதற்கு அவர் இன்னும் ஓர் அடி உள்ளே போக வேண்டியிருந்தது. நான் மறுபடி அமுக்கினேன்.